முகமூடிகளின் செயல்விளக்க விழா

உங்கள் விசாரணை அறையில் கூலர் நன்றாகக் குளிரூட்டுகிறது, ஐயா. எங்கள் டெல்லி அலுவலகத்தில் கூலருக்கு நிதி வரும், அதில் ஊற்றும் தண்ணீருக்கு வராது. அங்கேதான் விஷவாயுக் குண்டுகளைக் கையாளும் குழுவுக்குப் பயிற்சியும் கருவியும் வாங்கித் தரும் அதிகாரி நான். குண்டுக்கும் கொசுவத்திக்கும் வித்தியாசம் தெரியாதவன். பதவிக்கு அதுவே தகுதி என்று நினைத்தார்கள் போலும்.

மார்ச் நெருங்கியது. செலவாகாத நிதி திரும்பிப் போய்விடும். பயிற்சி என்றால் வாரக்கணக்கில் இழுக்கும். செயல்விளக்க விழா ஒரே நாள்: பந்தல், பொன்னாடை, பனீர் பக்கோடா. விழாவே வைத்தேன். புது முகமூடிகளோடு குழு அணிவகுக்க வேண்டும் என்றேன். குழுத்தலைவர் ஜெபராஜ், நாகர்கோவில்காரர், தயங்கினார்.

"சார், ஃபில்டர் சீல் பிரிச்சா காத்துபட்டே செத்துரும். பொறவு வாயுவத் தடுக்காது. பழசையே மாட்டிட்டு நிக்கோம்."

"பழசு பல்லிளிக்குது தம்பி. மந்திரி பக்கத்துல நின்னு போட்டோ எடுக்க வேண்டாமா?"

"அப்ப பொறவு வேற வாங்கித் தருவியளா?"

"அச்சா, கண்டிப்பா."

படங்கள் அழகாக வந்தன. வேறு வாங்க வேண்டிய நிதி பக்கோடாவாகிவிட்டது. எனவே மோதி பாக் குடியிருப்பில் என் வீட்டில் டிவி பார்த்தபடியே, பிரித்த சீல்களையெல்லாம் பசை தடவி நானே ஒட்டினேன். கைவேலையில் கெட்டிக்காரன். புது ஃபில்டர் வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவைத்தேன். குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஜூலையில், மேற்கு டெல்லியில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் விஷவாயு அடைத்த பீரங்கிக் குண்டு ஒன்று கசிந்தது. உள்ளே இரண்டு கூலியாட்கள் விழுந்து கிடந்தார்கள். வாசலிலிருந்து ஜெபராஜ் எனக்குப் போன் செய்தார்.

"சார், சீல்ல பசை பிசுபிசுங்குது. இது புதுசுதான?"

பிறகு உள்ளே போனார். ஒருவரைத் தூக்கி வந்து வெளியே கிடத்தினார். இன்னொருவருக்காகத் திரும்பிப் போனவர் வரவில்லை. அடக்கத்தில் என்னைவிட அதிகமாக அழுதவர் யாருமில்லை. அவர் மனைவி பெனிட்டாவே எனக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னார்.

போனில் என்ன பதில் சொன்னேன் என்றுதானே கேட்கிறீர்கள்? அவர் குரல் நடுங்கியது, ஐயா. பயந்து நிற்கும் மனிதரை மேலும் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை. "புதுசுதான் தம்பி, தைரியமா போங்க" என்றேன். பிறர் கலங்கினால் தாங்கமாட்டேன். என் சுபாவம் அப்படி.