உமாதேவி பேசுறேன்

மொக்கம்மாள்: தாப்பாளப் போடு ஆத்தா. மெல்ல... சத்தம் கேக்கப் போகுது.

உமாதேவி: போட்டாச்சும்மா. போயிட்டாகளா?

மொக்கம்மாள்: எங்கிட்டுப் போறது? பந்தல்ல சேரப் போட்டு உக்காந்திருக்காக. ஆபீசரம்மா ஒருத்தவுக, போலீசு ரெண்டு பேரு. காப்பி குடுத்தேன், தொடக்கூட இல்ல.

பாண்டீஸ்வரி: அப்பா என்னம்மா சொல்றாரு?

மொக்கம்மாள்: நீ மொதல்ல தலப்பூவைக் கசக்காம உக்காரு.

உமாதேவி: கல்யாணம் அவளுக்குத்தான? அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லேன்.

மொக்கம்மாள்: என்னத்தச் சொல்வாரு... பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுன்னு சத்தியம் பண்றாரு. மாப்ளையப் பெத்த ஒங்க அத்தை சூடத்தக் கொண்டாங்குறாக, அடிச்சு அணைக்க.

உமாதேவி: பத்தாப்பு படிக்கிறவளுக்குப் பதினெட்டா?

மொக்கம்மாள்: மூணு வருசம் பெயிலாம்.

பாண்டீஸ்வரி: நானா? நான் அரைப் பரீட்சையில ரெண்டாவது ரேங்க்கும்மா!

மொக்கம்மாள்: கத்தாதடி!

உமாதேவி: ஸ்கூல்ல கேட்டாத் தெரிஞ்சிரப் போகுது.

மொக்கம்மாள்: இன்னைக்கு ஞாயித்துக்கெழம. எவன் தொறந்து வச்சிருக்கான்? நாளைக்கு விடியங்காட்டி தாலி ஏறிரும். அதான் ஆபீசரம்மா சொல்லுது... வீட்டு ஆளு ஒருத்தராச்சும் வந்து உள்ள வயசச் சொல்லுங்க, இப்பவே நிறுத்திருவோம்னு.

உமாதேவி: யாரு போயிச் சொல்லுவா?

மொக்கம்மாள்: நீதான். இவுகளுக்குப் போன் போட்டு வரச் சொன்னவளே நீதான?

உமாதேவி: நானா? நான் போடலம்மா.

மொக்கம்மாள்: ஒங்கப்பா அப்படித்தான் கத்துறாரு. கொழந்தைக உரிமை படிக்கிறேன்னு போனவ, எங்க அக்கா முன்னாடி என் மானத்த வாங்கிட்டாங்குறாரு.

உமாதேவி: சத்தியமா நான் இல்லம்மா.

மொக்கம்மாள்: இல்லேன்னாப் பரவால்ல. நான்தான்னு சொல்லிரு.

உமாதேவி: என்ன பேசுற நீ? அதுக்கப்புறம் என்னைய மதுரைக்கு அனுப்புவாரா? இன்னும் ஒரு செமஸ்டர்தான் இருக்கு. புராஜெக்ட்டு பாதியில கெடக்கு...

மொக்கம்மாள்: அப்படிச் சொல்லு. அதுக்குத்தான் வந்ததுலருந்து வாயத் தொறக்கல.

உமாதேவி: அப்படிப் பேசாதம்மா.

மொக்கம்மாள்: கொழந்தைகளப் பத்திப் படிக்க மதுரைக்கு அனுப்புறியாக்கும், நீ ரெண்டு பெத்தியே, ஒனக்கு எவன் பட்டம் குடுத்தான்னு இங்கன சிரிச்சாளுக. அத்தன பேருக்கும் பதில் சொல்லிக்கிட்டுத்தான திரிஞ்சேன்.

உமாதேவி: கம்பம் பஸ் ஸ்டாண்டுல எறங்குன ஒடனே போன் பூத்துக்குத்தாம்மா போனேன். ரெண்டு நம்பர் அமுக்கிட்டேன். அப்பா நெனப்பு வந்துருச்சு... வச்சுட்டு வந்துட்டேன். போதுமா? கிளாஸ்ல எந்திரிச்சு எந்திரிச்சுப் பேசுறவ நான். எனக்கே வெக்கமா இருக்கு.

பாண்டீஸ்வரி: அழாதக்கா.

உமாதேவி: ஏய்... நீயா பேசுன? உண்மையச் சொல்லு பாண்டி. நீன்னா நான் போயி ஏத்துக்கிறேன். உன்னையன்னா அப்பா அடிச்சே கொன்னுருவாரு.

பாண்டீஸ்வரி: எனக்கு யாரு போனு குடுத்தா? நிச்சயம் பண்ணுனதுலருந்து வாசப்படியே தாண்டல.

உமாதேவி: உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா, வேணாமா?

பாண்டீஸ்வரி: இப்பத்தான் கேக்குற.

உமாதேவி: என்னடி?

பாண்டீஸ்வரி: சேல நல்லாருக்கு, தோடு நல்லாருக்குன்னுதான சொல்லிக்கிட்டு இருந்த? நீயாவது கேப்பேன்னு பாத்தேன்... எனக்கு வேணாங்க்கா. சுரேஷ்கண்ணன் அத்தான் நல்லவுகதான். ஆனா பயமா இருக்கு. நான் பரீட்ச எழுதணும்.

மொக்கம்மாள்: கேட்டியா? காதுல விழுந்துச்சா? போ... போயிச் சொல்லு.

உமாதேவி: போறேன். நான் மாட்டேங்கல. வயசு பதினஞ்சுன்னு சொல்றேன். போன் போட்டது நான்னு எதுக்குச் சொல்லணும்?

மொக்கம்மாள்: ஆபீசரம்மா ஒன்னையத் தனியாக் கூப்புட்டுக் கேட்டா? யூனிவர்சிட்டியில படிக்கிற உமாதேவி பேசுச்சுன்னுதான் இம்புட்டுத் தூரம் நம்பி வந்திருக்காக. நீ இல்லேன்னு முழிச்சா மொத்தமும் பொய்யின்னு ஆயிரும். ஒங்கப்பா சூடத்த அடிச்சு அணைச்சு அவுகள வழியனுப்பிருவாரு.

உமாதேவி: இரு... என் பேரையா சொன்னாக?

மொக்கம்மாள்: ஆமா.

உமாதேவி: ஆபீசரம்மாவா சொன்னாக?

மொக்கம்மாள்: அங்கன... பேசிக்கிட்டாக.

உமாதேவி: சொல்ல மாட்டாகம்மா. யாரு போன் போட்டாகன்னு தல போனாலும் வெளிய விடக் கூடாது. எங்களுக்கு அதத்தான் மொதல்ல சொல்லிக் குடுத்தாக. அப்பா சும்மா குத்துமதிப்பாக் கத்துறாரு. உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?

மொக்கம்மாள்: நேரமாகுது ஆத்தா, போ...

பாண்டீஸ்வரி: அம்மா... வெள்ளிக்கெழம பூவுக்குச் சொல்லிட்டு வாரேன்னு கம்பத்துக்குப் போனேல்ல? பூக்காரரு நேத்து வந்து, எத்தன முழம் வேணும், இன்னும் யாரும் சொல்லலையேன்னு கேட்டாரு...

மொக்கம்மாள்: நீ சும்மா இருடி.

உமாதேவி: அம்மா. என்னையப் பாத்துச் சொல்லு.

மொக்கம்மாள்: என்னத்தச் சொல்ல... மொக்கம்மா பேசுறேன்னா எந்த ஜீப்பு ஆத்தா வரும்? என்னையக் கட்டிக் குடுக்கையில எனக்குப் பதினாலு. அன்னைக்கு எவளும் வரல. நீதான லீவுக்கு வந்தப்ப இவளுக்குச் சொல்லிக் குடுத்த... கொழந்தைகளுக்கு ஒண்ணுன்னா பத்து, ஒம்பது, எட்டு அமுக்கு, காசே விழுகாதுன்னு. அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ போடுவேன்னு பாத்தேன், போடல. அதான் நானே அமுக்கி, உமாதேவி பேசுறேன், மதுரை யூனிவர்சிட்டியில கொழந்தைக உரிமை படிக்கிறேன்னு... ஒன்னைய மாதிரியே வெரசாப் பேசுனேன். ஒன் பரீட்சைய அப்ப நெனைக்கவே இல்ல உமா. அந்தப் பக்கம் பேசுன புள்ள என்னைய மேடம்னுச்சு. சொல்லுங்க மேடம், சொல்லுங்க மேடம்னு அம்புட்டையும் கேட்டுக்கிருச்சு... சரி, தாப்பாள எடு. நீ இங்கன இவ கூட இரு. நான் போயி என் பேரையே சொல்லிர்றேன்.