ஓரத்தில் தெரிந்த கை

படுக்கை வசத்தில் எடுத்த வீடியோவை இப்போது யாரும் பார்ப்பதில்லை, ஐயா. போனைச் சாய்த்துப் பிடிக்கக்கூட ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது. நிமிர்த்தித்தான் போட வேண்டும். நிமிர்த்தினால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். இதில் சூது ஒன்றுமில்லை, இந்த வேலை பார்க்கிற எல்லாரும் தினமும் செய்வதுதான். வாக்குமூலம் எழுதிக் கொடு என்றீர்கள், அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

என் பெயர் பாண்டிராஜ். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம், குடியிருப்பது அவனியாபுரம். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, ‘மண் காவல்’ சேனலைக் கையில் கொடுத்தவர் விருமாண்டி அண்ணன். பழைய பழக்கவழக்கங்களில் பிடிப்புள்ள மனிதர். கோயில் குளத்தை மூடிக் கட்டடம் கட்டக் கூடாது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மதுக்கடை கூடாது, பெற்றவர்களைப் பிள்ளைகள் மதிக்க வேண்டும் என்பார். இந்த முறை வார்டு தேர்தலில் நிற்கிறார்.

குளத்து வீடியோவுக்கு நான் மூன்று நாள் உழைத்தேன். இருநூற்றுப் பதினாலு பேர் பார்த்தார்கள், அதில் பாதிப் பேர் அண்ணனின் சொந்தக்காரர்கள். எங்கள் தெருமுனையில் ஒருவன் பரோட்டா வீசுவதை ஏழு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நல்லதைச் சொன்னால் காதில் வாங்காத இந்த ஜனங்கள் மேல் அன்று வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

அந்தச் சமயத்தில் என் மகன் சித்தார்த்துக்குக் காய்ச்சல். பத்து மாதப் பிள்ளை. டாக்டரிடம் தூக்கிப் போனது நான், மருந்து வாங்கியதும் நான். என் மனைவி ஆர்த்திகாவுக்கு அது போதவில்லை. அவளோடு தையல் கடையில் வேலை பார்க்கும் ஹாஜராவின் மாமனார் ஷேக் தாவூது, தெற்குவாசலில் சர்பத் கடை வைத்திருந்தவர். சாயங்காலத் தொழுகை முடித்துக் கடைக்கு வந்து, நோய்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஓதிக் கொடுப்பார். தம்ளர்த் தண்ணீரில் மூன்று முறை ஊதுவார், பிறகு பிள்ளையின் முகத்தில் ஒரு முறை. காசு வாங்க மாட்டார். வரிசையில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் ஆட்கள்தான். சின்ன வயதில் என்னையும் என் அம்மா முத்துத்தாய் பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் ஊதவைத்துக் கூட்டிவந்திருக்கிறாள். ஆகவே, விவரம் தெரியாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் எழுதிவிட வேண்டாம். எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆர்த்திகா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தம்ளரை நீட்ட, அவள் போனில் ஹாஜரா படம் பிடித்திருக்கிறாள், படுக்கை வசத்தில். அதை எனக்கு அனுப்பிவிட்டு ஆர்த்திகா கூப்பிட்டாள்.

“ஏங்க, பெரியவரு ஊதுனதும் எம்புட்டுச் சிரிப்புச் சிரிக்கிறான் பாருங்க. காய்ச்சலும் எறங்கிருச்சு.”

மருந்து வாங்கியவன் நான், பேர் அவருக்கு. நியாயமாகச் சொல்லுங்கள், யாருக்கும் கோபம் வரத்தானே செய்யும்.

நாற்பது நொடி வீடியோ அது. நிமிர்த்தினேன். ஓர் ஓரத்தில் ஆர்த்திகாவும் பிள்ளையும் போனார்கள். இன்னோர் ஓரத்தில் வரிசையில் நின்ற பெண்கள் போனார்கள். நடுவில் கிழவரும் தம்ளரும், அவருக்குப் பின்னால் சர்பத் பாட்டில்களும் மிஞ்சின. பதினோரு நொடியை மட்டும் எடுத்து, ஊதுகிற இடத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டேன். கீழே ஒரு வரி: ‘நீங்கள் குடிக்கும் சர்பத்தில் என்ன கலக்கிறது?’ நான் கேள்விதான் கேட்டேன். துப்புகிறார் என்று எங்கேயும் எழுதவில்லை. அதை எழுதியவர்கள் பார்த்தவர்கள்.

ஆர்த்திகா குளிக்கப் போயிருந்தபோது அவள் போனில் இருந்த முழு வீடியோவை அழித்தேன். வேலை முடிந்தால் மேசையைத் துடைத்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

விருமாண்டி அண்ணன் மட்டும் கேட்டார்.

“தம்பி, இது நெசந்தானா? நம்ம சேனல்ல பொய் இருக்கக் கூடாதுப்பா.”

“நெசம்ண்ணே. நமக்குத் தெரிஞ்சவுக எடுத்தது.”

இதில் எந்த வார்த்தை பொய் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். அண்ணனைத் தெருவில் நிறுத்திக் கைகொடுத்தார்கள். குளத்துக்கு வராத கூட்டம் எச்சிலுக்கு வந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆர்த்திகா போனோடு வந்து என் முன்னால் நின்றாள். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கை. அதில் கறுப்புக் கயிற்றில் கோத்த வசம்பு வளையல், அவளே கட்டிவிட்டது. பல தடவை ஓட்டிப் பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை. இந்தத் தொழிலில் அது பெரிய தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

“இது நம்ம பிள்ள கை. கடைக்கு முன்னாடி ஆளுக கூடிட்டாகளாம், ஹாஜரா அழுகுறா. முழுசையும் போடுங்க.”

“எங்கிட்ட இல்ல. அழிஞ்சு போச்சு.”

கொஞ்ச நேரத்தில் அண்ணனும் கூப்பிட்டார். “முழுசு இருந்தா போட்ரு தம்பி. தேர்தல் கெடக்கட்டும். தப்புன்னா தப்புன்னு சொல்லிருவோம்.” அவரிடமும் இல்லை என்றேன்.

திருமங்கலத்திலிருந்து பைக்கில் வந்த பையன்கள் கடை முன்னால் நின்று நேரலை போட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் கைகூப்பி என்னவோ சொல்ல முயன்றார், சத்தத்தில் கேட்கவில்லை. ஒரு தம்ளரை அவர் வாயில் வைத்து அழுத்தினார்கள். பிறகு தள்ளினார்கள். ஐஸ் பெட்டியின் முனை தலையில் பட்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். அவரை நான் தொடவில்லை. அந்தப் பையன்களில் ஒருவனைக்கூட எனக்குத் தெரியாது.

முழு வீடியோவை என் போனிலிருந்து எடுத்தீர்கள். அது அழிந்து போகவில்லை, அன்று மத்தியானமும் என் கையில்தான் இருந்தது. போட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. நேரலை ஓடத் தொடங்குவதற்கு முன்புகூட ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். அதில் என் மகன் சிரிக்கிறான், அதனால்தான் அழிக்க மனம் வரவில்லை. போட்டிருந்தால் நான்கு லட்சம் பேர் முன்னால் நான் பொய்யனாகியிருப்பேன். போடவில்லை. இதற்கு மேல் ஒப்புக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை.

நேற்று நடந்ததை மட்டும் தவறாமல் பதிந்துகொள்ளுங்கள், ஐயா. பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல். மருந்தில் இறங்கவில்லை. பெரியவர் இறந்ததிலிருந்து ஆர்த்திகா என்னிடம் பேசுவதில்லை. நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறித் தெற்குவாசல் பள்ளிவாசலுக்குப் போனேன். சாயங்காலத் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் முன்னால் தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பெரியவரின் மகன் ஆரிப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

“எங்க அத்தா இருந்தா ஓதியிருப்பாருண்ணே. இப்ப இங்க யாரும் ஊதுறதில்ல. வெளிய ஊதுறதுக்கே எல்லாருக்கும் பயமா இருக்கு. மன்னிச்சுக்கங்க, டாக்டர்ட்ட காட்டுங்க.”

அத்தனை பேர் நின்றார்கள். காய்ச்சலில் கொதிக்கிற பச்சைப் பிள்ளைக்கு ஒருவர்கூட ஊதவில்லை. இப்படிப்பட்டவர்களைப் பற்றி நான் போட்டது பொய் என்கிறீர்கள்.