பின் சக்கரத்துச் சிலுவை

நாகஜோதி: இல்லண்ணே, பின்னாடி மட்டும் மாத்துனாப் பத்தாதான்னுதான் கேக்குறேன்.

இஞ்ஞாசிமுத்து: பத்தாது தங்கச்சி. முன் ஆக்சிலு, பின் ஆக்சிலு ரெண்டுக்குள்ளயும் கியர் பல்லுக் கணக்கு ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா நாலு வீலும் சேந்து இழுக்க ஃபோர் வீல் போட்ட ஒடனே முன்னாடி ஒரு இழுப்பு, பின்னாடி ஒரு இழுப்புன்னு வண்டி தனக்குள்ளயே மல்லுக்கட்டும்.

நாகஜோதி: எங்க வீடு மாதிரி.

இஞ்ஞாசிமுத்து: ... மாப்ள இன்னும் பேசுறதில்லையா?

நாகஜோதி: சோறு வேணும், வேணாம்... அம்புட்டுத்தான். அந்தா, டயர் அடுக்கு மேல உக்காந்திருக்காகள்ல. வந்ததுல இருந்து ஜீப்பயே பாத்துக்கிட்டிருக்காக.

இஞ்ஞாசிமுத்து: மாப்ள... டீ சொல்லவா?

செல்வமணி: வேணாம் மச்சான்.

இஞ்ஞாசிமுத்து: கால்ல வச்ச பிளேட்டு இன்னும் வலிக்குதாக்கும்?

செல்வமணி: வலிக்கட்டும்.

நாகஜோதி: பாத்தீகளா... நீங்க வேலயச் சொல்லுங்கண்ணே. இந்த ஆக்சிலு ஒடியாதுல்ல?

இஞ்ஞாசிமுத்து: இரும்புன்னா ஒடியும் தங்கச்சி. ஒடிஞ்சா என்ன ஆகும்கிறதுலதான் விசயம். பழசுல ஷாஃப்ட்டுதான் வீலச் சுத்தவும் செய்யும், பாரத்தத் தாங்கவும் செய்யும். அது ஒடிஞ்சா வீலும் சேந்து கழண்டு போயிரும்.

நாகஜோதி: போச்சே...

இஞ்ஞாசிமுத்து: ம். இது லோடு வண்டியில இருந்து கழட்டுன கனத்த ஆக்சிலு. பாரத்த வெளிய இருக்குற கூடு தாங்கிக்கிரும், ஷாஃப்ட்டு சும்மா சுத்துறதோட சரி. அது ரெண்டாப் போனாலும் வீலு அங்கனயே நிக்கும். வண்டி நகராது, ஆனா கவுறாது.

நாகஜோதி: இது அன்னிக்கு இருந்திருந்தா...

இஞ்ஞாசிமுத்து: வேணாம். அந்தப் பேச்சு வேணாம்.

நாகஜோதி: என் தங்கச்சி அனுசுயா இருந்திருப்பா. அதத்தான் சொல்ல வந்தேன். பதினாலு பேரு ஏறுன வண்டி கவுந்து அவ ஒருத்திதான் போனா. கடைசி ஆளா ஏறுவா, பின்னாடி ஓரமா உக்காருவா. எடங் குடுத்தாலும் உள்ள போக மாட்டா. காத்து வரணும்பா.

இஞ்ஞாசிமுத்து: அந்தப் புள்ள என்னைய என்னமா கேலி பண்ணும். "அண்ணே, நீங்க கொத்தனாருக்குப் போயிருக்கணும், இம்புட்டு நேரா கோடு போடுறீக"ன்னு.

நாகஜோதி: ஒங்க சிலுவயத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் ஏறுவா. மாரியாத்தா துண்ணூறு நெத்தியில, சாக்பீஸு மாவு வெரல்ல.

இஞ்ஞாசிமுத்து: எங்கப்பா வச்சுவிட்ட பழக்கம். திங்கக்கெழம வண்டியப் பாத்து, நல்லா இருந்தா பின் டயருல ஒரு சிலுவ. தோட்ட வேலைக்கு மலையேறுற அத்தன பொம்பளைகளும் அதப் பாத்துட்டுத்தான் கால வைப்பாக... சரி, பிரேக் ஹோஸ் மாட்டணும். அந்த ஸ்பேனர எடு.

நாகஜோதி: இந்தாங்க. அண்ணே... இன்னைக்கு வேல முடிஞ்சதும் போடுவீகள்ல?

இஞ்ஞாசிமுத்து: எத?

நாகஜோதி: சிலுவய.

இஞ்ஞாசிமுத்து: அத விட்டுட்டேன்.

நாகஜோதி: அப்பிடிச் சொல்லாதீக. மேல ஏலக்காத் தோட்டத்துல காயெடுப்பு ஆரம்பிச்சிருச்சு. வேலைக்கு ஆளு சேக்குற ஜான்சியக்கா ஆளுகளுக்கு வேற வண்டியில எடமில்ல. கெஞ்சிக் கேட்டுட்டு வந்திருக்கேன். "ஆக்சில மாத்தட்டும், எங்க கண்ணு முன்னால இஞ்ஞாசியண்ணன் சிலுவ போடட்டும், ஏறுறோம்"னு சொல்லிருச்சு.

இஞ்ஞாசிமுத்து: ஜான்சிக்கு வேற வழி இல்ல, ஏறும். எனக்குக் கை வராது தங்கச்சி.

நாகஜோதி: இவுக ஸ்டியரிங்கத் தொட்டு ஒரு வருசம் ஆகப் போகுது. வண்டிய ஓட்டுனாத்தான் இவுக மனுசனாவாக. இல்லேன்னா... நேத்துக் கெணத்து மேட்டுல போயி நின்னுக்கிட்டிருந்தாக. நான் போயி கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். ஏன் நிக்கிறீகன்னு கேட்டா, சும்மாங்கிறாக.

இஞ்ஞாசிமுத்து: ... மாப்ள காதுல விழுகப் போகுது.

நாகஜோதி: விழுந்தா என்ன, பேசவா போறாக? ஒரு கோடு நெட்டுக்க, ஒரு கோடு படுக்க. அதுக்கா இம்புட்டு யோசன?

இஞ்ஞாசிமுத்து: அதுக்குத்தான். ஒரு வருசமா ஊரு என்னைய என்ன சொல்லுதுன்னு ஒனக்குத் தெரியும். கம்பம் டவுனுல இருந்து ஒரு ஜீப்பு இங்கன வர்றதில்ல. இஞ்ஞாசி பாக்காமயே சிலுவ போட்டு ஒரு புள்ளையக் கொன்னுட்டான்னு கோயில்ல கூட ஒதுங்கி நிக்கிறாக.

நாகஜோதி: நீங்கதான சொன்னீக... விசாரிக்க வந்தவுககிட்ட, ஆமா நான்தான் போட்டேன்னு.

இஞ்ஞாசிமுத்து: சொன்னேன்.

நாகஜோதி: ஏன் சொன்னீக?

இஞ்ஞாசிமுத்து: பின்ன என்ன சொல்லச் சொல்லுற? அந்தத் திங்கக்கெழம வண்டியக் கொண்டாந்தப்ப பின் வீலுல ஆயில் கசிஞ்சுச்சு. பேரிங்கு கரகரன்னுச்சு. ரெண்டு நாள் நிப்பாட்டு மாப்ளன்னு சிலுவ போடாமத்தான் அனுப்புனேன். மறுநாள் பள்ளத்துல அந்த வீலு கெடந்துச்சு, நானும் எறங்கிப் போயிப் பாத்தேன். டயருல சிலுவ. ரூலர் வச்ச மாதிரி நேரா. நானே போட்டது மாதிரி.

நாகஜோதி: அண்ணே...

இஞ்ஞாசிமுத்து: மாப்ள போட்டதுதான்னு புரிஞ்சு போச்சு. கொழுந்தியாளப் பறிகுடுத்துட்டு, கால் ஒடிஞ்சு கெடக்குற மனுசன், இதும் தெரிஞ்சா ஊரு உசுரோட விடுமா? அதான் என் மேல போட்டுக்கிட்டேன். எனக்கு ஒர்க்ஷாப்தான் போகும்னு நெனச்சேன். தூக்கம் போகும்னு தெரியல.

நாகஜோதி: அவுக போடலண்ணே.

இஞ்ஞாசிமுத்து: பாவம் புருசன்னு நீ மறைக்காத.

நாகஜோதி: மறைக்கல. நான்தான் போட்டேன்.

இஞ்ஞாசிமுத்து: ... என்ன தங்கச்சி சொல்லுற?

நாகஜோதி: ஒரு நா வண்டி போகலேன்னா ஆளுக அடுத்த வண்டியில ஏறிருவாக, அப்பறம் அந்த வண்டிக்கே சொந்தமாயிருவாக. அது எங்களுக்கு எப்பவும் இருக்குற பயம். ரெண்டு நாள்னு சொல்லிட்டீகளா... விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சேன். பாப்பா பள்ளிக்கூடப் பையில சாக்பீஸ் கெடந்துச்சு. போட்டுட்டேன்.

இஞ்ஞாசிமுத்து: மாப்ளகிட்ட என்னன்னு சொன்ன?

நாகஜோதி: நீங்க தூங்கையில அண்ணன் வந்தாக, கழட்டிப் பாத்து மாட்டி, சிலுவ போட்டுட்டுப் போயிட்டாகன்னு சொன்னேன். சரின்னு வண்டிய எடுத்தாக. ஒரு வார்த்த கேக்கல. என்னைய நம்புனாகண்ணே. என்னைய நம்பித்தான் போனாக.

இஞ்ஞாசிமுத்து: ஐயோ ஆத்தா...

நாகஜோதி: அவ தொட்டுக் கும்பிட்டா. நான் வாசல்லதான் நின்னேன். என் சிலுவயத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஏறுனா. வாயத் தொறந்து ஏறாதடின்னு சொல்லியிருக்கலாம். நான் தூக்குச்சட்டிய எடுத்து நீட்டுனேன்.

இஞ்ஞாசிமுத்து: அழாத... இல்ல, அழு. அழுதுரு.

நாகஜோதி: இந்த ஆக்சிலு நல்லா இருக்கட்டும்னு கேக்கல. ஒரு தடவ நெச சிலுவ போட்டு அந்த வண்டி மேல போயி எறங்கிட்டா... நான் கொஞ்சம் தூங்குவேன். அவுகளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா என் மூஞ்சில முழிக்க மாட்டாக.

இஞ்ஞாசிமுத்து: இரு... ஒண்ணு மட்டும் வெளங்கல. நீ போட்டதா அது? இருட்டுல, பயந்துக்கிட்டு? அம்புட்டு நேரா இருந்துச்சே.

நாகஜோதி: நேராவா? இல்லையே... படுக்கக் கோடு ஒரு பக்கம் தூக்கிக்கிச்சு. அழிச்சுப் போட நேரமில்லாம உள்ள ஓடிட்டேன்.

இஞ்ஞாசிமுத்து: நான் கையால தொட்டுப் பாத்தேன் தங்கச்சி. நேரா இருந்துச்சு.

நாகஜோதி: அப்ப... ஏங்க... நீங்க எப்ப டயர் அடுக்குல இருந்து எந்திரிச்சு இங்கன வந்தீக?

செல்வமணி: அழாத நாகு. அன்னிக்கு நீ டயருகிட்டக் குத்தவச்சிருந்தத ஜன்னல்ல பாத்துக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்... கோடு கோணலாப் போயிருச்சுன்னா அனுசுயா கண்டுபிடிச்சிருவா, ஏற மாட்டா, மத்தவுகளயும் ஏற விட மாட்டான்னு, நீ உள்ள போனதும் நான்தான் அத அழிச்சுட்டு நேராப் போட்டேன்.