மஞ்சளாகாத பட்டை

என் கண் நல்ல கண், ஐயா. ஐம்பதைத் தொட்டும் கண்ணாடி போட்டதில்லை. பால் நிலையத்தில் பரிசோதகன் வேலைக்கு அதுதான் மூலதனம். மாட்டுக்குப் பென்சிலின் போட்டால் சில நாள் அது பாலிலும் இறங்கும். பாலில் நீலச் சோதனைப் பட்டையை நனைத்து வைப்பேன். சுத்தமான பால் என்றால் நீலம் மஞ்சளாகும். மருந்து இருந்தால் நீலமாகவே நிற்கும். பதினான்கு வருடத்தில் ஒருமுறைகூட நான் தவறாகப் பார்த்ததில்லை.

அன்று ஒரு லாரிப் பால் நீலம் காட்டியது. மேலாளர் பட்டையை வாங்கிக் குப்பையில் போட்டார்.

"இதைக் குடிச்சு எவன்யா செத்தான்? அனுப்பு."

அதற்குப் பின்னும் நான்கு லாரிகள் அப்படியே போயின. நான் சண்டை போடவில்லை. சொல்லி ஏறாத காதுக்கு வேறு வழி பார்க்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

எங்கள் நிலையத்தைக் கூட்டிக் கழுவும் அக்காவுக்கு ஒருநாள் விரலில் கண்ணாடி கிழித்துவிட்டது. கட்டுப் போட்டுவிட்டேன்.

"ஆஸ்பத்திரின்னாலே பயம் தம்பி. பென்சிலின் எனக்கு ஆகாது. சின்ன வயசுல ஒரு ஊசி போட்டு, எமனைப் பாத்துட்டுத் திரும்பி வந்தவ நான்" என்று சிரித்தார்.

நல்ல மனுஷி. என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மறுவாரம் நீலம் காட்டிய பாலில் ஒரு டம்ளர் காய்ச்சிக் கொடுத்தேன். உதடு லேசாகத் தடித்தது. "எறும்பு கடிச்சிருக்கும்" என்றார். அதை வைத்து மேலாளரை நம்பவைக்க முடியாது. ஆகவே, மடிநோய்க்கு அன்று காலையே மருந்து ஏற்றிய மாட்டின் பாலைக் கேட்டு வாங்கினேன். கொதித்தால் வீரியம் குறையுமோ என்று வெதுவெதுப்பாக மட்டும் சூடாக்கினேன். அக்காவை மேலாளர் அறைக்கு எதிரில் உட்காரவைத்தேன். மேலாளர் பார்க்க வேண்டுமல்லவா?

"எனக்கா தம்பி? என்ன விசேஷம்?"

"சும்மாதான்க்கா. குடிங்க."

பாதி டம்ளரில் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். மேலாளர் ஓடிவந்தார். நான் அவர் முகத்துக்கு நேரே பட்டையை நீட்டினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவர்தான். வண்டி வருமுன் அக்கா அடங்கிவிட்டார்.

ஆம், தெரிந்துதான் கொடுத்தேன். இப்போது அங்கே பட்டை மஞ்சளாகாமல் ஒரு சொட்டுப் பால் வெளியே போவதில்லை. எத்தனை குழந்தைகள் குடிக்கிற பால், யோசித்துப் பாருங்கள்.

அக்காவுக்கு இரண்டு பெண்கள். ஒருமுறை அவர்களை என்னிடம் அழைத்து வாருங்கள், ஐயா. நிதானமாக எடுத்துச் சொன்னால், அம்மாவை நினைத்துப் பெருமைப்படுவார்கள்.