தொடாமல் வரும் சிக்னல்

அன்னூர் பேருந்தில் ஒரே கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நாம டெஸ்ட் பண்ற டச் திரையை யாருமே தொடல. தொட்டதா சிக்னல் வருதுங்க்கா,” என்றாள் இளையவள்.

“படம் போற ஒயர்லயேதான தொட்ட சேதியும் திரும்பி வருது? சிப்புல அந்த சிக்னல் வர்ற பின்னைத் தப்பா செட் பண்ணியிருப்ப கண்ணு.”

“ஒயரோட ரெண்டு முனையிலயும் பாத்துட்டேனுங்க. கடைசியா திரையையே கழட்டிப்போட்டேன். அப்பவும் மூணு தடவை வருது. கொஞ்சம் நின்னு, இன்னொண்ணு.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“உனக்கு முன்னால அந்த வேலையில இருந்த சரவணன் அப்படித்தான் திரையைத் தட்டிப் பாப்பான். மூணு, அப்புறம் ஒண்ணு. போன மாசம் தவறிட்டான்.”

“நான் அவரைப் பாத்ததே இல்லீங்களே.”

“ஆமா.”

“அந்தப் பின்னை ஆஃப் பண்ணிப்போடட்டுங்களா?”

“வேண்டாம் அம்மணி. இன்னிக்கு நான் வந்து ஒருக்கா பாத்துக்கறேன்.”