மூன்றாவது சிலிண்டருக்குக் காய்ச்சல்

மாலை கும்மிடிப்பூண்டி ரயில், மகளிர் பெட்டி. எதிர் இருக்கையில் இரண்டு தோழிகள். ஒருத்தியின் கழுத்தில் இரும்பு ஆலையின் அடையாள அட்டை. இன்னொருத்தி சிறிய விமானங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்பவள். அது பேச்சிலிருந்து தெரிந்தது.

“மூணாவது சிலிண்டருக்கு மட்டும் காய்ச்சல்டி.”

“இன்னாடி, ஏரோப்ளேனுக்குக் கூடவா?”

“ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சென்சார் மாட்டி, மானிட்டர்ல சூடு பாக்கறோம். மூணாவது மட்டும் ஏறிக்கினே போவுது. ஓனர் ஒத்துக்கல. ஞாயித்துக்கெழம பொண்ண ஏத்திக்கினு பறக்கணும் அவருக்கு. ‘உன் சென்சார்தாம்மா கோளாறு, கழட்டிடு’ன்றாரு.”

“கழட்டிட்டியா?”

“கழட்டி, பக்கத்து சிலிண்டர்ல இருந்தத இதுலயும், இதுல இருந்தத அதுலயும் மாத்தி மாட்டுனேன். அவரையே ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். சென்சார் கெட்டிருந்தா மானிட்டர்ல சூடு பக்கத்து சிலிண்டருக்குப் போயிருக்கணும் இல்ல? போவல. மூணாவதுலயே நிக்குது.”

“அப்ப இன்ஜின்லதான் பேஜாரு. மனுசன் இன்னா சொன்னாரு?”

“இன்ஜின நிறுத்துனாரு. அப்புறம் சாவிய உருவி என் கையில குடுத்துட்டாரு. ‘சரியாவற வரைக்கும் நீயே வெச்சுக்கோம்மா, எங்கிட்ட இருந்தா மனசு கேக்காது’ன்னாரு.”

“அடிப்பாவி, ஏரோப்ளேனுக்கு சாவி கூட இருக்குதா?”

அவள் பைக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

“இன்னாடி, என் ஸ்கூட்டி சாவி மாதிரியே கீது!”

“எப்டி இருந்தா இன்னா? ஞாயித்துக்கெழம அவரே ஊட்டுக்கு வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்.”