ஆற்று வாய் வெட்டிய காலை

எனது பெயர் அருளப்பு றஞ்சிதம். வயது 71. விதவை. இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். அருவியாறு கடலில் விழும் இடத்தில் கரையின் கடைசி வீட்டில் வசிக்கிறேன். எனது தங்கையின் மகனும் சுற்றுலா வழிகாட்டியுமான ஜெனிஸ்ரன் பொலிஸில் பிடிபட்டு மறியலில் இருப்பது தொடர்பாக நானாகவே வந்து சொல்வதாவது:

2024 ஒக்ரோபர் 19ஆம் திகதி சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, மேலே பெய்த மழைத் தண்ணீர் மீன்வாடிகளுக்குள் ஏறியபடியால், கடற்றொழில் செய்யும் செபமாலையும் மற்றத் தொழிலாளிகளும் ஆற்று வாயை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டிவிட்டார்கள். அதன் பின்னர் ஆறு கடலுக்கு இழுக்கத் தொடங்கியதை நான் கண்டேன்.

ஒன்பது மணியளவில் ஜெனிஸ்ரன் ஆறு பயணிகளை மூன்று துடுப்புத் தோணிகளில் மேலிருந்து கூட்டிவந்து எனது வீட்டருகே இளைப்பாற நிறுத்தினார். 2013ஆம் ஆண்டு ஆவணி மடு மாதா கோவில் திருவிழாவில், எங்கள் குடும்பம் கூடாரம் அடிக்கும் பாலைமரத்தடியை அவர் வேறு ஆட்களுக்குப் பிடித்துக்கொடுத்த நாளிலிருந்து நான் அவருடன் கதைப்பதில்லை. சொல்ல வேண்டியதை அவர் கேட்கும்படி ஆட்டைப் பார்த்துச் சொல்வேன். அவரும் ஆட்டைப் பார்த்தே மறுமொழி சொல்வார்.

அன்றும் ஆட்டைக் கட்டியபடி, "ஆத்து வாயை வெட்டிப்போட்டாங்கள். போறவை போய்க் கடலுக்கை விழட்டும்" என்றேன்.

ஜெனிஸ்ரன் சிரித்து, "பெரியம்மா ஆட்டோட கதைக்கிறா. எனக்குத்தான் அது, நீங்கள் பயப்பிடாதேங்கோ. போன கிழமை முதலை வந்திட்டுதெண்டவ" என்று பயணிகளிடம் சொன்னார். நான் அப்படிச் சொன்னது உண்மை. முதலை வரவில்லை.

அதன் பின்னர் தக்சிகா என்ற பயணி தண்ணீர் கேட்டு வந்து, செருப்பைப் படலையில் கழற்றிவிட்டு, நின்றபடியே ஒரு செம்பு குடித்தார். "செருப்பு கிடக்கட்டும் அம்மம்மா, திரும்பி வரேக்கை எடுக்கிறன்" என்று போனார். அவருக்கு நேரே சொல்லியிருக்கலாம். அவருக்குச் சொன்னால் ஜெனிஸ்ரனுக்குச் சொன்னதாகிவிடும் என்று சொல்லவில்லை.

அதன் பின்னர் தோணிகள் இழுவையில் அகப்பட்டுக் கடைசித் தோணி அலையில் கவிழ்ந்தது. நான் ஜெனிஸ்ரனைப் பெயர் சொல்லிக் கத்தினேன். பதினொரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. செபமாலையின் வள்ளம் மற்ற எல்லாரையும் ஏற்றியது. தக்சிகா மறுநாள் கரை ஒதுங்கினார். அவரது செருப்புச் சோடியை இப்போது ஒப்படைக்கிறேன்.

என்னுடைய எச்சரிக்கையைக் கேட்டும் ஜெனிஸ்ரன் போனார் என்று பயணிகள் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் ஆட்டுக்குத்தான் சொன்னேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

(ஒப்பம்) அ. றஞ்சிதம்